தலைவர் பாலேந்திராவின் அசல் கையெழுத்து

டென்மார்க் அரசாங்கம் கவிழ்ந்த அன்று ரண்டர்ஸ் நகரத்தில் கவலைப்பட்ட தமிழன் ஒரே ஒருவன்தான். அவர் பெயர் பாலேந்திரா. அந்த அரசாங்கம் கவிழவேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட உரத்துக் கத்தியவரும் அவரேதான்.

ஏன் கத்தினார் என்பது சுலபமாக விளங்கும். அகதியாக வந்தவனின் பெண்சாதி பிள்ளைகள் வந்து சேரலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் சொன்னது. மந்திரி சட்டத்தை மாற்றவில்லை. மாற்றினால் பாராளுமன்றத்தில் கேள்வி வரும். ஆகவே தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமல் விட்டார்கள். தொடாமல் விடுவது எந்த நாட்டுத் தலைவருக்கும் கைவந்த கலை. வெள்ளைக்காரத் தலைவர் குளிருக்குத் தடித்த கோட் போட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். பாலேந்திராவின் மனைவி அருள்நாயகியின் விண்ணப்பமும் அந்தக் கட்டுக்குள் கிடந்தது. அவள் இரண்டு வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் கிடந்தாள்.

ஆனால் கவிழ்ந்தபோது ஏன் கவலைப்பட்டார் என்பதற்கு அவருடைய சுவரைப் பார்க்கவேண்டும்.

பாலேந்திராவுக்குத் தலைவர்களின் கையெழுத்துச் சேர்க்கும் வியாதி. ஊரில் அவர் கூட்டங்களுக்குக் கதிரை தூக்கியவர். மைக்கைச் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் விட்டார்கள், பேச விடவில்லை. அந்தக் குறையை டென்மார்க்கில் சுவரில் ஆணி அடித்துத் தீர்த்துக்கொண்டார். பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடையிலிருந்து எலும்பு பிரிப்பார். பின்னேரம் குளித்து, திருநீறு பூசி, உலகத்து முன்னாள் ஜனாதிபதிகளுக்குக் கடிதம் எழுதுவார். "மதிப்புக்குரிய தோழருக்கு, நானும் தங்களைப்போல் சிறை கண்டவன்..." தோழர்கள் பதில் எழுதுவதில்லை. தோழர்களின் காரியதரிசிகள் ஒரு படம் அனுப்புவார்கள். அடியில் அச்சடித்த கையெழுத்து இருக்கும்.

அசலா போலியா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, கையெழுத்தின் கடைசி எழுத்தில் வைத்து ஒரு இழுப்பு. மை கலைந்தால் அசல். கலையாவிட்டால் அச்சு. இதைவிடத் திருத்தமான சோதனை உலகத்தில் இல்லை என்பது அவர் எண்ணம். ஓகூஸ் நகரத்தில் ஒரு பழம்பொருள் கடையில், பொன்னிற முத்திரை ஒட்டிய அத்தாட்சிப் பத்திரத்தோடு, எப்போதோ செத்துப்போன ஒரு பிரதமரின் கடிதம் வாங்கினார். வீட்டுக்கு வரும்வரைக்கும் பொறுக்கவில்லை. பஸ்ஸுக்குள்ளேயே விரலை வைத்தார். அசல்! பிரதமரின் பெயர் நசிந்த கரப்பானைப் போல் ஆகிவிட்டது. அதை அசல் என்று சொல்ல இப்போது உலகத்தில் பாலேந்திரா ஒருவர்தான் மிச்சம்.

இப்படியாக அவர் சுவரில் போலிகள் எல்லாம் பளிச்சென்று தொங்கின. அசல்கள் எல்லாம் நீலக் கறையாகத் தொங்கின. சரித்திரத்திலும் அப்படித்தானே நடந்திருக்கிறது.

நடுவில் இருந்தது ஊர்த் தலைவர் ஒருவரின் தேர்தல் துண்டுப்பிரசுரம். வீட்டுக்கு வீடு வீசி எறிந்ததில் ஒன்று. ஆனால் பாலேந்திரா அதை ஊரிலேயே ஒரு சமாதான நீதவானிடம் கொடுத்து 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்துவித்திருந்தார். அதற்குப் பிறகு அது குப்பையல்ல, ஆவணம். நம் ஆட்களின் புத்தி அப்படி. முத்திரை இல்லாவிட்டால் பெற்ற தகப்பனையும் நம்பமாட்டான். முத்திரை இருந்தால் துண்டுப்பிரசுரத்தையும் நம்புவான்.

எண்பத்தொன்பதில் ஒருவழியாக விசா கிடைத்து அருள்நாயகி வந்து இறங்கினாள். கோட்டைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தாள்.

"ஆரப்பா இவையள்?"

"தலைவர்மார்."

"எல்லாரும் செத்துப்போச்சினமோ?"

"அரைவாசிப் பேர்."

"மிச்ச அரைவாசி என்ன செய்யினம்?"

பாலேந்திரா ஒரு படத்தின் சரிவை நிமிர்த்தினார்.

"சரி, சாமிப்படத்தை எங்கை வைக்கிறது?"

"குசினியிலை, ரொட்டிப் பெட்டிக்கு மேலை கொஞ்சம் இடமிருக்கு."

அருள்நாயகி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது ஏதோ நடக்கப்போகிறது என்று அறியும் அளவுக்கு அவர் அவளோடு சேர்ந்து வாழ்ந்ததில்லை. அந்த வசதியை அவருக்கு மந்திரி கொடுத்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஊரில் சண்டை மறுபடி மூண்டது. அருள்நாயகியின் தாய் பரமேஸ்வரி அங்கே தனியே. ஷெல் விழும்போது பங்கருக்குள், விழாதபோது பங்கர் வாசலில். அறுபது வயது கடந்த தாய் தகப்பனைக் கூப்பிடலாம் என்று மேல்மாடியில் இருந்த கிர்ஸ்டன் அருள்நாயகிக்குச் சொன்னார். கிர்ஸ்டன் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வெடுத்த விதவை. அவரே கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய் விண்ணப்பத்தையும் எடுத்துவந்து கொடுத்தார். அதில் புருசன் பெண்சாதி இருவரும் ஒப்பமிட வேண்டியிருந்தது. அருள்நாயகி தன் பெயரை எழுதிவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

பாலேந்திரா எழும்பி நின்றார். எழும்பி நின்றால் பேச்சு நீளும் என்று அர்த்தம்.

"இந்த அரசாங்கத்தின்ரை கடதாசியிலை நான் கையெழுத்து வைக்கிறதோ? என்ரை பெண்சாதியை என்னட்டையிருந்து பிரிச்சு வைச்ச அரசாங்கம்!"

"பெண்சாதி இஞ்சை நிக்கிறன். பிரிஞ்சு நிக்கிறது இப்ப அம்மா."

"கொள்கை எண்டு ஒண்டிருக்கு, அருள்."

"உங்கடை கொள்கையைப் பங்கருக்கு மேலை போட்டால் ஷெல் தாங்குமோ?"

"உமக்கு அரசியல் விளங்காது."

"விளங்கவேண்டாம். கையெழுத்தை வையுங்கோ."

"மாட்டன்! இந்த அரசாங்கம் இருக்கும்வரைக்கும் என்ரை கையெழுத்துக் கிடையாது!"

"விழுந்தால்?"

"விழுந்தால் அடுத்த நாளே வைக்கிறன். மாமியை நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்!"

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேர்தலுக்கு மேல் தேர்தலாக நின்று பிடித்த அரசாங்கம் அது. அந்த நாட்டில் சைக்கிளில் போகிறவன் விழுந்தாலும் எழும்பி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்து போவான். இவர்களாவது விழுவதாவது!

கொள்கை என்று அவர் சொன்னது வாய்க்கு. வயிற்றில் இருந்த பயம் வேறு.

எழுபத்திரண்டில் புது அரசியலமைப்பை எதிர்த்த கறுப்புக்கொடி நாளில் தான் கைதாகி ஆறு மாதம் சிறையில் இருந்ததாகப் பாலேந்திரா டென்மார்க் முழுவதும் சொல்லியிருந்தார். ரண்டர்ஸில் ஆறு மாதம். ஹோர்சன்ஸ் நகரத்தில் பேசும்போது சித்திரவதையும் சேர்ந்துகொண்டது. உண்மையில் அன்று பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டதும் அவர் வேலி பாய்ந்தார். பாய்ந்தது பரமேஸ்வரியின் வளவுக்குள். அந்த வளவின் ஆட்டுக்கொட்டிலுக்குள் பொழுதுபடும்வரைக்கும் பதுங்கி இருந்தார். புட்டுக் கொண்டுவந்து கொடுத்த பெட்டை அருள்நாயகியைத்தான் பிறகு, டென்மார்க்குக்கு வெளிக்கிடும் முன், கல்யாணம் செய்தார். பெட்டை வாய் திறக்கமாட்டாள், புருசன் மானம் தன் மானம் என்று நினைக்கிறவள். தாய் அப்படியல்ல. பாலேந்திராவின் போராட்ட சரித்திரத்துக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே அசல் ஆவணம் பரமேஸ்வரி. அது ரண்டர்ஸுக்கு வந்து சேரக்கூடாது.

ஒரு கிழவி பங்கருக்குள் கிடந்தாலும் பரவாயில்லை, ஆறு மாதச் சிறை கலையக்கூடாது. தலைவர்களிடம் அவர் வேறொன்றும் கற்காவிட்டாலும் இதைக் கற்றிருந்தார்.

மறுநாள் அருள்நாயகி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நேற்று நீங்கள் சொன்னது என்ரை காதுக்குள்ளையே நிக்குது."

"எது?"

"அரசாங்கம் விழும்வரைக்கும் எண்டது. மேடையிலை நிண்டு சொன்ன மாதிரி இருந்தது."

பாலேந்திரா நிமிர்ந்து இருந்தார்.

"ஒண்டு மட்டும் எனக்குக் கவலை. உந்தச் சுவரிலை எல்லாற்றை கையெழுத்தும் கிடக்கு. உங்கடைதான் இல்லை."

இருபது வருடமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவர் காத்திருந்த வசனம் அது. தேத்தண்ணியை மறந்தார். மைப்பேனாவை எடுத்தார். குமிழ்முனைப் பேனா கணக்குப்பிள்ளைமாருக்கு, தலைவன் மையால்தான் எழுதவேண்டும். நல்ல தாளாகப் பார்த்து எழுதினார்: 'இன்றைய டென்மார்க் அரசாங்கம் பதவியிலுள்ளவரை அதன் எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடேன். அது வீழும் நாளில், என் மாமியார் பரமேஸ்வரியை அழைப்பதற்கான பத்திரத்தில் தயக்கமின்றி ஒப்பமிடுவேன் என இத்தால் உறுதியளிக்கிறேன்.'

இரண்டாவது வசனத்தைச் சேர்க்கச் சொன்னது அருள்நாயகி. "சொன்ன சொல்லுக்கு நாளும் குறிக்கிறவன்தானே பெரிய தலைவன்" என்றாள். அது அவருக்குப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு சாட்சி வேணும்," என்றார் பாலேந்திரா. "சாட்சி இல்லாட்டில் நாளைக்கு ஆரும் வந்து போலி எண்டு சொல்லுவாங்கள்."

"ஓம், சொல்லுவினம்" என்றாள் அருள்நாயகி.

இறைச்சித் தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வெட்டுகிற மட்டக்களப்பு நீக்கிலாஸ் வந்தான். மேல்மாடிக் கிர்ஸ்டன் கண்ணாடியோடு வந்தார். டென்மார்க்கில் எந்த உறுதிக்கும் இருவர் சாட்சி வைத்து, பெயர், தொழில், விலாசம் எழுதுவது வழக்கம். நீக்கிலாஸ் டேனிஷில் விளக்கம் சொல்ல, கிர்ஸ்டன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"அரசாங்கம் விழுந்தால் மாமியார் வருவார். அப்படியா?"

"அப்படித்தான்."

"இவருடைய கொள்கை எனக்கு விளங்கவில்லை. ஆனால் கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று சொல்லி ஒப்பமிட்டார்.

பாலேந்திரா சும்மா இருப்பாரா? எல்லோரும் பார்க்க விரலை நாக்கில் தொட்டார். தன் பெயரின் கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு. மை வால்போல் நீண்டது.

"பாத்தியளோ? அசல்!"

நீக்கிலாஸ் கைதட்டினான். அருள்நாயகி தாளைக் கவனமாக எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கிழமைக்குப் பிறகு அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரின் நடுவில் ஏறியது. தேர்தல் துண்டுப்பிரசுரம் ஓரத்துக்குப் போனது.

பிறகு வந்த நாட்கள் பாலேந்திராவுக்குப் பொற்காலம். தமிழரின் விண்ணப்பங்களை முடக்கிய விவகாரத்தை, 'தமிழ் வழக்கு' என்று பெயர் வைத்து, விசாரிக்க ஒரு நீதிபதியைப் போட்டார்கள். தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் அவர் "இந்த அரசாங்கம் கவிழவேண்டும்!" என்று மேசையில் குத்தினார். பயமில்லாமல் குத்தினார். விசாரணைக் கமிஷன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? ஊரில் எத்தனை கண்டவர்! விசயத்தைப் புதைக்கத் தோண்டுகிற கிடங்கு அது. நீதிபதி விசாரிப்பார், சாட்சி சொல்வார்கள், எல்லோரும் சாவார்கள். விசாரிக்கப் போட்ட ஆள் உண்மையாகவே விசாரித்து முடிப்பான் என்று இலங்கையில் பிறந்த ஒருவன் எப்படி எதிர்பார்ப்பான்?

டேனிஷ்காரர் முடித்துவிட்டார்கள்.

தொண்ணூற்று மூன்று தைப்பொங்கல். வெளியே பனி. குசினியில் மின்னடுப்பில் அருள்நாயகி பொங்கல் வைத்திருந்தாள். அன்று வெளிவந்த நீதிபதியின் அறிக்கை பிரதமரிலும் பிழை சொன்னது; தொலைக்காட்சியில் அவர் வந்து நின்று ஏதோ சொன்னார். பாலேந்திராவுக்குப் பாதிதான் விளங்கியது. மற்றப் பாதி விளங்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டு இருந்தபோது கதவு தட்டியது. கிர்ஸ்டன் நின்றார். கையில் கேக். அதில் சின்ன டேனிஷ் கொடி குத்தியிருந்தது.

"தில்லுக்க, பாலேந்திரா! தில்லுக்க!" வாழ்த்துச் சொல்கிறார்.

அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நீக்கிலாஸ்.

"அண்ணே! கவிழ்ந்துட்டு! உங்கட சத்தந்தான் கவிட்டது!"

"நான் என்ன செய்தனான்," என்றார் பாலேந்திரா. வாழ்க்கையில் முதல்தரம் அவர் உண்மையான அடக்கத்தோடு சொன்ன வார்த்தை.

"மறுகா ஏன் அண்ணே முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு? வெண்டிட்டமெல்லோ!"

குசினிக்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அருள்நாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தாள். சுவரின் நடுவைப் பார்த்தாள்.

"பொங்கலோ பொங்கல்" என்றாள்.

அவர்கள் போனதும் பாலேந்திரா முந்திக்கொண்டார்.

"இராஜினாமாதான் குடுத்திருக்கினம். புது அரசாங்கம் வாறவரைக்கும் பழைய ஆக்கள்தான்."

"வரட்டும்."

"கனகாலம் எடுக்கும்."

"எடுக்கட்டும்."

மாதம் முடியுமுன் புது அரசாங்கம் வந்துவிட்டது. இந்த நாட்டில் எதையும் நிம்மதியாக இழுத்தடிக்க முடியாது.

ஒருநாள் அருள்நாயகி வயோதிபர் இல்லத்துக்கு வேலைக்குப் போன நேரம், பாலேந்திரா கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, உறுதித் தாளை எடுத்து மேசையில் வைத்தார். யோசனை எளிமையானது. பிரதமர்களையே கறையாக்கிய விரல் அது. ஒரே இழுப்பு. கையெழுத்துப் போனால் உறுதியும் போச்சு.

விரலை நனைத்தார். இழுத்தார். கலையவில்லை.

இன்னும் நனைத்து இழுத்தார். கலையவில்லை. தேத்தண்ணியில் தோய்த்துப் பார்த்தார். கடைசியில், தலைவர் என்றும் பாராமல், நாக்கையே நேரே வைத்தார். ரண்டர்ஸின் முதுபெரும் போராளி தன் பெயரைத் தானே நக்கிக்கொண்டு நின்றார். ஒரு எழுத்து அசையவில்லை.

தாளை வைத்துவிட்டு இருந்தார். பிறகு மூளை திறந்தது. கலையாவிட்டால் என்ன? அச்சு. அச்சென்றால் என்ன? போலி!

பின்னேரம் சாட்சிகள் இருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அருள்நாயகி படியேறி வர, எழும்பி நின்றார்.

"இது என்ரை கையெழுத்தில்லை!"

"என்ன அண்ணே, நானே கண்டனே," என்றான் நீக்கிலாஸ்.

"நீ கண்டது வேறை. இது போலி. விரலை வைச்சு இழுத்துப் பார். இழு!"

நீக்கிலாஸ் இழுத்தான். கலையவில்லை. கிர்ஸ்டனும் கையுறையைக் கழற்றிவிட்டு மரியாதையாக இழுத்துப் பார்த்தார். கலையவில்லை.

"போலிக் கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை," என்றார் பாலேந்திரா. அவருக்கு மார்பு விரிந்தது. மேடை கிடைத்துவிட்டது.

அருள்நாயகி சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள்.

"அவர் சொல்லுறது சரி. உது போலிதான்."

பாலேந்திராவின் மார்பு பாதியில் நின்றது.

"பிப்லியோதேக் நூலகத்திலை அடிச்ச போட்டோக்கொப்பி. உங்கடை விரல் சுவரிலை இருக்கிற ஒண்டையும் விட்டுவைக்காது எண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப அசல்?"

"அம்மாட்டை. அப்பவே, ஊருக்குப் போன ஒராளிட்டைக் குடுத்துவிட்டனான்."

"என்னத்துக்கு?"

"பங்கருக்கை இருந்த மனிசிக்கு நான் வேறை என்னத்தை அனுப்புறது? உங்கடை கொள்கையைத்தான் அனுப்பினன். இவ்வளவு நாளும் மடியிலை கட்டிக்கொண்டு திரிஞ்சவ. கொழும்புக்கு வந்த கையோடை ஒரு சமாதான நீதவானிட்டைக் காட்டி முத்திரையும் குத்துவிச்சிட்டா."

சமாதான நீதவான்! முத்திரை! பாலேந்திரா கதிரையை இழுத்து இருந்தார். மந்திரியை எதிர்க்கலாம், நீதிபதியை எதிர்க்கலாம். முத்திரையை எதிர்க்க எந்த யாழ்ப்பாணத்தானாலும் முடியாது. மைப்பேனாவை எடுத்தார். அருள்நாயகி அதை மெல்ல வாங்கி மூடி வைத்துவிட்டு, விண்ணப்பத்தையும் ஒரு குமிழ்முனைப் பேனாவையும் நீட்டினாள்.

"இதாலை வையுங்கோ. இது கலையாது."

கோடை பிறந்தபோது பரமேஸ்வரி பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மெலிந்த மனிசி. சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆண்கள் சுவெட்டர். மகளைக் கட்டிப் பிடித்தார். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அந்த நேரம் பாலேந்திராவும் கண்ணைத் துடைத்தது உண்மைதான். ஆனால் அது பயமாகவும் இருக்கலாம்.

"வாங்கோ மாமி."

பரமேஸ்வரி மடியை அவிழ்த்து, பொலித்தீன் பைக்குள் இருந்த தாளை எடுத்து விரித்தார். மருமகனை ஒருமுறை பார்த்தார். விரலை நாக்கில் தொட்டு, கையெழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். பாலேந்திராவின் பெயர் நசிந்த கரப்பானாகியது.

"ஓம். அசல்தான். பிள்ளை கடிதத்திலை எழுதினபடிதான்."

பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற நீக்கிலாஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அசலில்லாம! எங்கட தலைவரெல்லோ! ஆறு மாசம் ஜெயிலில கிடந்த ஆள், அம்மா!"

"ஜெயிலோ?" என்றார் பரமேஸ்வரி. "எங்கடை ஆட்டுக்கொட்டிலையோ தம்பி சொல்லுறீர்? ஒரு பின்னேரம் இருந்தவர். புட்டு ரெண்டுதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

நீக்கிலாஸின் பூங்கொத்து தாழ்ந்தது. கூட வந்திருந்த கிர்ஸ்டன் அவன் தோளைத் தட்டி, பரமேஸ்வரி என்ன சொல்கிறார் என்று கேட்டார். நீக்கிலாஸ் ஒன்றும் விடாமல் டேனிஷில் சொன்னான், ஆடு உட்பட. கிர்ஸ்டன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு முடித்து, கைப்பையைத் திறந்து, பேனாவை எடுத்தார்.

"இதற்குச் சாட்சியாக நான் எங்கே ஒப்பமிட வேண்டும்?"